ஆல்ஜினேட் மணிகளும் ஓர் ஆயுத பூஜையும்

அவளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள், "என்ன இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு ஓரமாகப் பாசம் இருந்திருக்கும்" என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். கிடையாது. மூன்று வருஷம் ஒரே அறையில், ஒரே மைக்ரோஸ்கோப்பில், ஒரே வேலையை இரண்டு பேரும் செய்தோம். அதில் இரண்டு வருஷம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடே வந்ததில்லை.

இடம் சிதம்பரத்தில் ஒரு லேப். எந்த லேப் என்று சொல்லப்போவதில்லை. 2007-ல் அங்கே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். என் வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளி. ஸ்டேஷன் பக்கத்தில் இருந்து என்ன புண்ணியம்? பாதையை அகலமாக்குகிறோம் என்று தண்டவாளத்தையே பெயர்த்துப் போட்டிருந்த காலம் அது. தினமும் பஸ்தான். முதுநகரைத் தாண்டியதும் தொழிற்சாலை நாற்றம், ஆலப்பாக்கத்தில் மீன் கூடை, புதுச்சத்திரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சிதம்பரத்தில் இறங்கும்போது என் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வணக்கம் சொல்லத் தோன்றாது. அவள் வீடு அங்கேயே வடக்கு வீதியில். சைக்கிளில் பத்து நிமிஷம். நான் போய்ச் சேருவதற்குள் குளித்து, பூ வைத்து, கிருமி படாமல் வேலை செய்வதற்கான கண்ணாடி ஹூட்டின் முன்னால் கடை பரப்பி உட்கார்ந்திருப்பாள். எங்கள் லேப்பில் ஹூட் ஒன்றே ஒன்றுதான்.

வேலை இதுதான். உயிருள்ள செல்களை எடுத்து, கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட் என்ற கொழகொழப்பான கரைசலில் கலக்க வேண்டும். அதைத் தலைமுடி அளவு துவாரமுள்ள கண்ணாடிக் குழாய் வழியாக, ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்க்குள் தள்ள வேண்டும். குழாயின் முனையில் அது ஒரே அளவுத் துளிகளாக அறுந்து அறுந்து விழும். கால்சியம் கலந்த தண்ணீரில் இறங்கியதும் துளிகள் இறுகி ஜெல்லி மணிகளாகிவிடும். பார்க்க வெந்த ஜவ்வரிசி மாதிரி இருக்கும், ஆனால் கசகசாவைவிடச் சின்னது. ஒவ்வொரு மணிக்குள்ளும் கொஞ்சம் செல்கள். சத்தும் காற்றும் ஜெல்லியைத் தாண்டி உள்ளே போகும். உடம்பின் எதிர்ப்பு அணுக்களால் போக முடியாது. "ஒரு நாளைக்கு இன்சுலின் சுரக்குற செல்லை இப்படிப் பொட்டலம் கட்டி சக்கரை நோயாளி உடம்புக்குள்ள வைப்போம்மா" என்று எங்கள் கைடு, லேப்புக்கு வருகிற தண்ணீர் கேன்காரர் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லுவார். அந்த ஒரு நாள் வரும்வரைக்கும் நாங்கள் பொட்டலம் கட்டியது எலித்தோல் செல்லை.

குழாய் அவள் வேலை. அவள் கெமிக்கல் இன்ஜினியரிங். செல் என் வேலை. நான் உயிரியல். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தியின் வேலை நடக்காது. ஜோடி சேராத இரண்டு மாட்டை ஒரே நுகத்தடியில் பூட்டுவது என்றால் என்ன என்று எங்கள் கைடைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் கைவேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகவேண்டும். பிடிக்காதவளாக இருந்தாலும் இல்லாததைச் சொல்லக் கூடாது. கேஸ் அடுப்பின் சுடரில் கண்ணாடிக் குழாயைக் காட்டி, அது இளகிச் சிவக்கும் நொடியில் இரண்டு கையாலும் இழுப்பாள். நடுவில் குழாய் நூலாக நீளும். அதை உடைத்து, முனையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஐம்பதில் நாற்பத்தொன்பதைக் குப்பையில் போடுவாள். மிஞ்சிய ஒன்றைப் பஞ்சு வைத்த தீப்பெட்டிக்குள் படுக்கவைப்பாள். அந்தக் குழாயில் விழும் துளிகளை அளந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று இம்மி வித்தியாசம் இருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பேச்சு நின்றதற்குக் காரணம் நான்தான். அதாவது, காரணம் நான் என்று அவள் நிரூபித்துவிட்டாள். முதல் வருஷம் மணிகள் இரண்டு நாளில் காணாமல் போய்க்கொண்டிருந்தன. மாலையில் தட்டில் மணியாக வைத்துவிட்டுப் போவேன், மறுநாள் பாதி கரைந்திருக்கும். நான் நேராகக் கைடிடம் போய், "சார், அவ பண்ற ஜெல்லி நிக்கல. குழாயில ஏதோ கோளாறு" என்றேன். பத்து நாள் கழித்து அவள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தாள். ஒன்றில் மணிகள் முத்து முத்தாக இருந்தன. இன்னொன்றில் வெறும் தண்ணீர்.

"ரெண்டும் ஒரே நாள் பண்ணின மணிதான் சார். இதை சாதா உப்புத்தண்ணியில கழுவினேன். அதை அவுங்க கழுவற பாஸ்பேட் தண்ணியில கழுவினேன். பாஸ்பேட்டு கால்சியத்தை இழுத்துக்கும், ஜெல்லி கரைஞ்சிடும். ஸ்கூல்லயே சொல்லித் தர்றாங்க சார். சில பேரு அன்னிக்கு லீவு போல."

லேப் மொத்தமும் சிரித்தது. எங்கள் துறையில் எதையும் பாஸ்பேட் தண்ணீரில் கழுவித்தான் பழக்கம். கை தானாகப் போகும். ஆனால் அவள் சொன்னது சரி. அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து எங்களுக்கு நடுவில் தூது போனவர் எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன். புவனகிரிப் பக்கத்துக்காரர். பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. இன்றைக்கு நிரந்தர ஆர்டர் வரும், நாளைக்கு வரும் என்று தினமும் தபாலைப் பார்ப்பார். நானும் அவளும் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருப்போம். நான், "அண்ணே, ஹூட்டைப் பதினோரு மணிக்குக் காலி பண்ணச் சொல்லுங்க" என்பேன். அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "பதினொன்னரை ஆவும்னு சொல்லுங்கண்ணே" என்பாள். நடுவில் நிற்கிற மனுஷன் என் பக்கம் திரும்பி, "பதினொன்னரை ஆவுமாம் மேடம்" என்பார். மகளே உனக்குச் சொல்கிறேன், மருமகளே நீ கேட்டுக்கொள் என்பார்கள். எங்கள் மகளுக்கு நாற்பத்தைந்து வயசு, பெரிய மீசை.

கைடுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே 2010-ல் ஒரு தீர்ப்பைச் சொன்னார். இரண்டு பேரையும் நிற்கவைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "மணிக்குள்ள செல்லு இருபத்தோரு நாள் உசுரோட இருந்துச்சுன்னா பேப்பர்ல உன் பேரு முதல்ல. அதுக்கு முன்னாடி செத்துடுச்சுன்னா குழாயைப் பத்தி மட்டும் எழுதுவோம். அவ பேரு முதல்ல" என்றார். முதல் பேராக ஒரு பேப்பராவது இல்லாமல் தீசிஸ் கொடுக்க அவர் யாரையும் விட்டதில்லை. ஆக, என் செல்கள் பிழைத்தால் நான் டாக்டர்; செத்தால் அவள். கோழிச் சண்டைக்குக் கத்தி கட்டிவிடுகிறவர்கள்கூட இவ்வளவு தெளிவாகக் கட்டமாட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் மணிகளைச் செய்து இன்குபேட்டருக்குள் வைத்தேன். எங்கள் லேப்பில் அதற்குப் பெயர் பெரிய பெட்டி. முப்பத்தேழு டிகிரி சூடும் சரியான அளவு கார்பன் டை ஆக்சைடும் உள்ளேயே வைத்திருக்கும். கரண்ட் போனாலும் யூபிஎஸ்ஸில் ஓடும். அந்த நாட்களில் அதை எட்டிப் பார்த்த அளவுக்கு, என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றபோதுகூட நான் எட்டிப் பார்த்ததில்லை. ஒருநாள் செல்லுக்குச் சத்து நீர் மாற்ற வேண்டும், ஹூட்டை விடச் சொல்லுங்கள் என்று தூது அனுப்பினேன். "செத்தா சாவட்டும்னு சொல்லுங்கண்ணே" என்று பதில் வந்தது. அதை மனசில் குறித்துவைத்தேன்.

பதினாறாம் நாள் ஆயுத பூஜை வந்தது. பூஜை சனிக்கிழமை, லீவு. அதனால் லேப்பில் வெள்ளிக்கிழமையே செய்துவிடுவார்கள். கைடு பக்திமான். தராசு, சென்ட்ரிஃப்யூஜ், மைக்ரோஸ்கோப் எல்லாவற்றையும் துடைத்து சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார். அதோடு மெஷின்களுக்கு ஓய்வு. திங்கள்கிழமை காலையில்தான் மறுபடி போடுவது. பெரிய பெட்டிக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு ஓடவிட்டுவிடுவார்கள். உள்ளே உயிர் இருக்கிறது என்பதால், அதை யாரும் சொல்லவேண்டியதில்லை. எங்கள் வீட்டில் கிறிஸ்தவர்கள். எனக்கு அந்தப் பூஜை என்றால் ஒரு பொட்டலம் பொரியும் நாலு மணி பஸ்ஸும், அவ்வளவுதான்.

அன்றைக்கு மதியம் நான் சத்து நீர் மாற்றிவிட்டு வந்தபோது அவள் கரைசலைக் குழாய்க்குள் தள்ளும் பம்ப்பை ஓட்டிக்கொண்டிருந்தாள். புதுக் குழாய். நான் கடந்துபோகிற மாதிரி போய் மைக்ரோஸ்கோப்பின் திரையைப் பார்த்தேன். துளிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, எல்லாம் ஒரே அச்சு. பூஜைக்கு முன்னால் அந்த ஓட்டத்தை முடித்துவிட்டால் குழாயைப் பற்றி எழுதத் தேவையானது மொத்தமும் அவள் கையில் வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. எரிச்சல் தலைக்கு ஏறியது. சந்தனம் குழைத்துக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணே, இன்னிக்குப் பூஜை வச்சிக்கிட்டு மெஷினை ஓட்டுறதா? சாமி குத்தம் ஆயிடாது? எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க."

அவள் திரும்பவில்லை. "சர்ச்சுக்குப் போறவுங்களுக்கு எப்பலேர்ந்து சாமி குத்தத்துல இவ்வளவு அக்கறைன்னு கேளுங்கண்ணே."

"சார் வந்து கேட்டா என்னா சொல்லுவாங்கன்னு கேளுங்க. நிறுத்துங்கண்ணே எல்லாத்தையும்!"

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எல்லாமேவா மேடம்?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் கண் அவள் முதுகின் மேலேயே இருந்தது. "எல்லாமே. ஒண்ணு விடாம. திங்கக்கிழமை வரைக்கும் இந்த ரூம்ல எதுவும் ஓடக்கூடாது. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவள் பம்ப்பை நிறுத்தினாள். நிறுத்தியதும் ஆல்ஜினேட் குழாய் முனையில் இறுகிக்கொள்ளும்; அந்தக் குழாய் இனி உதவாது. அது எனக்குத் தெரியும், அதற்காகவே சந்தோஷப்பட்டேன். பூஜை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் வரைக்கும் பொரியைக் கொறித்துக்கொண்டே சிரித்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது.

திங்கள்கிழமை காலை லேப்புக்குள் நுழைந்ததும் ஏதோ குறைந்தது. என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சத்தம் இல்லை. பெரிய பெட்டியின் உறுமல் இல்லை. விளக்கு எரியவில்லை. கதவைத் திறந்தேன். உள்ளே வெளிக்காற்றின் சூடுதான் இருந்தது. தட்டுகளில் இருந்த நீர் ராணி கலரில் இருந்தது. அந்த நீரில் ஒரு சாயம் உண்டு. கார்பன் டை ஆக்சைடு சரியாக இருந்தால் செம்மஞ்சளாக இருக்கும். போய்விட்டால் பளீரென்று ராணி கலராகும். இரண்டரை நாள். சூடு இல்லை, வாயு இல்லை. எல்லாம் செத்திருக்கும் என்று முடிவு கட்டினேன்.

செத்ததா இல்லையா என்று சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். செல் படித்தவள், சோதிக்காமல் பேசக் கூடாது என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தவள், அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்கவில்லை. நேராகக் கைடு அறைக்குப் போனேன்.

"சார், பெட்டியை நிறுத்திட்டா சார். எல்லாம் போச்சு."

"யாரு?"

"வேற யாரு?"

அவளைக் கூப்பிட்டார். அண்ணன் டீ ஃபிளாஸ்க்கோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் வந்து விஷயத்தைக் கேட்டாள். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்றவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நான் நிறுத்தல சார்" என்றாள்.

"வெள்ளிக்கிழமை நீ எத்தனை மணிக்குப் போன? இவ நாலு மணிக்கே போயிட்டா."

"நான் அஞ்சு மணிக்கு. நான் நிறுத்தல."

"அப்ப யாரும்மா நிறுத்தினது? பேயா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத் திருட்டு மௌனம் என்று நினைத்தேன். "போன வாரம் செத்தா சாவட்டும்னு சொன்னாளா இல்லையான்னு கேளுங்க சார்" என்றேன். கேட்டார். "சொன்னேன் சார்" என்றாள். அதற்குமேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. இந்த வேலையிலிருந்து விலகிக்கொள், வேறு கைடைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷ வேலை மூன்று நிமிஷத்தில் முடிந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் பார்த்து ரசித்திருப்பேன். தன் மேசையைக் காலி செய்துவிட்டு, குழாய்கள் இருந்த தீப்பெட்டியை மட்டும் அண்ணன் கையில் கொடுத்து, "இது ப்ராஜெக்டு பொருள், அவுங்ககிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அண்ணன் அந்தத் தீப்பெட்டியோடு என் மேசைக்கு வந்தார். கொடுத்துவிட்டும் நகரவில்லை.

"மேடம், பெரிய பெட்டிய நிறுத்துனது நான்தான்."

நான் தீப்பெட்டியை மேசையில் வைத்தேன்.

"நீங்க எல்லாமேன்னீங்க. கேட்டேன். ஒண்ணு விடாமன்னீங்க. எல்லாரும் கிளம்புனப்பறம் பூட்டறதுக்கு முன்னாடி நிறுத்துனேன். அலாரம் கத்திக்கிட்டே இருந்துச்சு, பிளக்கைப் புடுங்கிட்டேன். காலையில போட்டுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"மத்த வருஷமெல்லாம் அதை நிறுத்துனதில்லியேண்ணே!"

"மத்த வருஷம் யாரும் எல்லாமேன்னு சொன்னதில்லியே மேடம். அதுவும் நீங்க சொல்றீங்க. நம்ம சாமிக்கு அவுங்களே இவ்ளோ மரியாதை குடுக்கறப்ப நாம மீறக்கூடாதுன்னு நெனச்சேன்." அவர் குரல் இறங்கியது. "அந்தம்மா பாவம் மேடம். நான் போய் சார்கிட்ட சொல்லிடட்டா?"

"வேணாம்" என்றேன். யோசிக்கவே இல்லை, அந்த வார்த்தை தயாராக இருந்த மாதிரி வந்தது. "சொன்னீங்கன்னா நாளைக்கே உங்களை வெளிய அனுப்பிடுவாரு. பதினோரு வருஷம் வீணாயிடும். நான் பார்த்துக்கிறேன்."

பொய் இல்லை அது. அனுப்பித்தான் இருப்பார். ஒரு நல்ல காரணம் கையில் கிடைத்துவிட்டால் அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஆளும் ஒளிந்துகொள்ளலாம்.

குப்பையில் கொட்டுவதற்கு முன்னால் ஒரு பேச்சுக்கு மணிகளைச் சோதித்தேன். சிட்ரேட் கரைசலில் போட்டு ஜெல்லியைக் கரைத்து, வெளியே வந்த செல்களில் நீலச் சாயம் விட்டேன். செத்த செல்லுக்குள் சாயம் இறங்கும். உயிருள்ளது உள்ளே விடாது. மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தேன். நீலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் தெளிவாக, உருண்டையாக, ஒன்றும் நடக்காத மாதிரி கிடந்தன. நம்பாமல் இன்னொரு தட்டு, இன்னொரு தட்டு என்று பார்த்தேன். அதே பெட்டியில் ஜெல்லி இல்லாமல் சும்மா வளர்த்திருந்த செல்களைப் பார்த்தேன். அவை முழுக்க நீலம். ஜெல்லிக்குள் இருந்தவை பிழைத்துவிட்டன. அவள் இழுத்த குழாயில், அவள் செய்த மணிக்குள்.

கைடு அறைக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லப் போனேன். செல்கள் பிழைத்ததை முதலில் சொன்னேன். மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கரண்ட் இல்லாம, வாயு இல்லாம ரெண்டரை நாளா? இருபத்தோரு நாளு கிடக்குது, இதாம்மா பேப்பர்! நம்ம ஊரு கரண்ட் கட்டுல செல்லை ஊரு விட்டு ஊரு கொண்டுபோவலாம்மா!" மேசையைத் தட்டினார். "பார்த்தியா, அவ கெடுக்கப் பார்த்தா, கடவுள் குடுத்துட்டாரு. இதையே திரும்பச் செஞ்சு காட்டு. உன் பேரு முதல்ல. அவ பேரே வேணாம்."

இரண்டாவது விஷயம் என் வாயில் இருந்தது. வாயைத் திறக்கவும் செய்தேன். "சரி சார்" என்று வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு நல்லபடியாகத்தான் நடந்தது. பெட்டியை நாங்களே வேண்டுமென்று நிறுத்தி மறுபடி மறுபடி செய்து பார்த்தோம். மணிக்குள் இருந்தவை ஒவ்வொரு தடவையும் பிழைத்தன. அவள் விட்டுப்போன குழாய்களில் கடைசி ஒன்றை என் கை உடைத்தது. நானே இழுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் சுடரின் முன்னால் உட்கார்ந்து விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். அதற்குள் போதுமானது கையில் இருந்தது. பேப்பர் வந்தது. நன்றி சொல்லும் வரியில்கூட அவள் பெயர் இல்லை. அவள் வேறு கைடிடம் போய் முதலிலிருந்து ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, பண்ருட்டியைத் தாண்டி காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள் என்று காதில் விழுந்தது.

வருத்தப்பட்டேன் என்று எழுதினால் இந்த இடத்தில் நன்றாக இருக்கும். நான் செய்தது வேறு. அவள் கொண்டுவந்து வைத்த இரண்டு குவளை, அதற்கு லேப் சிரித்த சிரிப்பு, அவள் அனுப்பிய பதில்கள் எல்லாவற்றையும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து ஞாபகப்படுத்திக்கொள்வேன். தப்பு என் பக்கம் என்று தெரிந்தபிறகுதான் அவளை அதிகமாக வெறுத்தேன். வெறுப்பதை விட்டுவிட்டால் அந்த இடத்தில் வேறு என்ன வந்து உட்காரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

2012-ல் எனக்கு வைவா. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம் என்பது வழக்கம். அப்பா அம்மா கடலூரிலிருந்து முன்வரிசைக்கு வந்திருந்தார்கள். பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆனபிறகு பின்கதவு திறந்து அவள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் நல்ல மனுஷர். முடிக்கும்போது கேட்டார்: "எல்லாரும் பெட்டியை நிக்காம பார்த்துக்கணும்னுதான் நினைப்பாங்க. நிறுத்திப் பார்க்கலாம்னு உங்களுக்கு எப்படிம்மா தோணுச்சு?"

"நம்ம ஊரு கரண்ட் கட்டுதான் சார் காரணம்" என்றேன்.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் அந்த ஒரு வாக்கியத்துக்குச் சிரிக்காதவர்கள் கிடையாது. ஹாலே சிரித்தது. கைடு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கைடு கேட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. பரீட்சகர் கையெழுத்துப் போட்டார், கைதட்டினார்கள், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வந்தவர்களுக்கெல்லாம் ஜாங்கிரியும் மிக்ஸரும் கொடுக்க வேண்டும். பட்டம் வாங்கியவள் கையாலேயே கொடுப்பதுதான் மரியாதை. தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனேன். கடைசி வரிசையை விட்டுவிட முடியவில்லை, கைடு பார்த்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். நடுவில் தூது போக யாரும் இல்லை.

"அன்னிக்கு சார் ரூம்லயே எனக்குத் தெரியும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீ எல்லாமேன்னு கத்துனப்ப நானும் அங்கதான இருந்தேன். அண்ணன் உன்கிட்ட கேட்டதும் என் காதுல விழுந்துச்சு. நான் வாயத் திறந்திருந்தா அன்னிக்கே அவரை அனுப்பியிருப்பாரு. அதான் திறக்கல."

தட்டு கனத்தது.

"அவருக்குப் போன மாசம் ஆர்டர் வந்துடுச்சு. பர்மனென்ட். இனிமே அவரை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அதைச் சொல்லத்தான் பஸ் புடிச்சு வந்தேன்." கைடு நின்ற பக்கம் தலையை அசைத்தாள். "சார் அங்கதான் நிக்கிறாரு. என் பேரு எதுலயும் வேணாம். நான் நிறுத்தலன்னு மட்டும் சொல்லு. போ."

போனேன். இருபது அடி இருக்கும். அவ்வளவு தூரமும் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தேன். கைடு என்னைப் பார்த்ததும் பரீட்சகரின் தோளைத் தொட்டு, "வாங்க டாக்டரம்மா!" என்றார். என்னை முதல் முதலாக அப்படிக் கூப்பிட்டவர் அவர்தான்.

நான் தட்டை நீட்டினேன். அவர் ஒரு ஜாங்கிரி எடுத்துக்கொண்டார். அடுத்தவரிடம் நீட்டினேன், அதற்கடுத்தவரிடம் நீட்டினேன். அவள் இருந்த பக்கம் திரும்பாமலேயே தட்டு காலியாகிறவரைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.